நூற்றுப் பன்னிரண்டாம் நாள்

டாக்டர் வெங்கடகிருஷ்ணன் என்ன வேலை பார்க்கிறார் என்பது டல்லஸை ஒட்டிய ரிச்சர்ட்சன் ஊர்த் தமிழர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டால் "நியூட்ரிஷன்ல ப்ரொஃபஸர்" என்பார். அதோடு நிறுத்திக்கொள்வார். அவரை டயட்டீஷியன் என்று நினைத்துக்கொண்டு சர்க்கரைக்காரர்கள் தட்டும் கையுமாக வந்து, பொங்கல் ஒரு கரண்டி போட்டுக்கலாமா, முந்திரி ஆகுமா என்று கேட்பார்கள். அவரும் முகம் கோணாமல் பதில் சொல்வார். உண்மையில் பதினெட்டு வருஷமாக அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது, கறிக்கு வளர்க்கும் மாடு எதைத் தின்றால் சீக்கிரம் எடை போடும் என்பதைத்தான். அந்த வார்த்தையை மட்டும் டல்லஸ் எல்லைக்குள் அவர் வாயிலிருந்து யாரும் கேட்டது கிடையாது.

1996 பொங்கலன்று அதை வசந்தாமணி சொல்லிவிட்டாள்.

யுனிவர்சிட்டி இருந்தது இரண்டரை மணி நேரத் தூரத்தில். பொங்கல், தீபாவளி என்றால் தன்னிடம் படிக்கும் இந்திய மாணவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ரிச்சர்ட்சன் வருவது அவர் வழக்கம். அந்த வருஷம் வசந்தாமணி மட்டும்தான். ஒரு குண்டான் நிறையப் புளிசாதம் கிளறி எடுத்து வந்திருந்தாள். பரிமாறிக்கொண்டிருந்த ஆன்ட்டி ஒருத்தி, நீயும் அங்கிள் மாதிரி நியூட்ரிஷனா, எனக்கு வெயிட் குறைய ஒரு வழி சொல்லேன் என்று கேட்டாள். வசந்தாமணி வடையை மென்றுகொண்டே சொன்னாள்.

"குறைக்கிறது தெரியாதுங்க ஆன்ட்டி. எங்களுது ஏத்தறது. பீஃப்புக்கு மாட்டக் கொழுக்க வைக்கறோம். சார் அதுல இந்த ஸ்டேட்லயே பெரிய ஆளுங்க."

பெருமையாகத்தான் சொன்னாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சற்று முன்பு முந்திரிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். புரொஃபஸரின் மனைவி ராஜலக்ஷ்மி தன் கைப்பையைத் திறந்து, தேட ஒன்றுமில்லாத இடத்தில் வெகுநேரம் எதையோ தேடினாள். திரும்பி வரும்போது புரொஃபஸர் ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு கார் ஓட்டினார். காலிக் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்திருந்த வசந்தாமணிக்கு, தான் செய்த குற்றம் என்னவென்று ஃப்ரீவே முடிகிற வரைக்கும் விளங்கவே இல்லை.

அவள் வளர்ந்த வீட்டில் மாடு ஒரு தொழில். அப்பா நஞ்சப்பன் புளியம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். விற்ற மாடு கேரளா லாரியில் ஏறினால் எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வேறு பேர் சொல்லி மறைத்ததில்லை. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். நாமக்கல் கால்நடைக் கல்லூரியிலேயே அவள் வாய்க்குப் பேர் போனவள். 'உள்ளதைச் சொல்கிறேன்' என்று ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் பொறுப்பில் நாற்பத்தெட்டு மாடுகள் இருந்தன. எல்லாம் காயடித்த இளங்காளைகள். பாதிக்கு வெறும் பருத்திக்கொட்டை உமி கலந்த தீவனம். பாதிக்கு அதே உமியை ஒரு ஈஸ்ட் கரைசலில் ஊறவைத்துக் கலந்த தீவனம். நூற்றுப் பன்னிரண்டு நாள் போட்டு, எது கூட எடை ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். யோசனை அவளுடையது. தினமும் விடிகாலை ஐந்தரைக்குக் கொட்டகைக்குப் போய், தொட்டியில் மாடு தின்னாமல் விட்ட மிச்சத்தை வழித்து எடை போட்டதும் அவள்தான். புரொஃபஸர் அந்தக் கொட்டகைக்கு ஒருமுறை வந்தார், கல்லூரி டீனுக்குச் சுற்றிக் காட்டுவதற்கு. அன்றைக்கும் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அவர் படித்து வந்தது பயோகெமிஸ்ட்ரி. மாடு அவருக்குக் காகிதத்தில் வரும் நம்பர்.

பிப்ரவரியில் நூற்றுப் பன்னிரண்டாம் நாள் வந்தது. கடைசி எடை போடுவதற்கு ஒரு முறை உண்டு. முந்தின நாள் மாலையே தீவனத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் இருக்கும் தண்ணீரும் சேர்ந்து சதை மாதிரி எடை காட்டும். வசந்தாமணி நிறுத்தித்தான் இருந்தாள். காலையில் மாடுகளை ஒவ்வொன்றாகத் தராசுக் கூண்டில் ஏற்றினாள். ஊறவைத்த தீவனம் தின்ற இருபத்திநான்கும் மற்றதைவிடச் சராசரி நாற்பது பவுண்டு கூடக் காட்டின. துள்ளிக் குதிக்க வேண்டிய நேரம். அவள் குதிக்கவில்லை. மாட்டின் இடுப்பெலும்புக்கு முன்னால் இருக்கும் குழியைப் பார்த்தாள். அந்த இருபத்திநான்குக்கும் குழி மேடு தட்டிப் போயிருந்தது.

அந்த மேட்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். சந்தைக்கு முந்தின நாள் தவிட்டில் உப்பைக் கலந்து வைத்து, விடிந்ததும் மாடு போதும் போதும் என்கிற வரை தண்ணீர் காட்டி, வற்றின மாட்டைத் தடித்த மாடாக நிறுத்துவதில் நஞ்சப்பன் கெட்டிக்காரர். போய்ப் பார்த்தால், அந்த இருபத்திநான்கும் நின்ற பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் வால்வு சரியாக மூடாமல் கசிந்து, தொட்டி நிரம்பி நின்றது. இருபத்திநான்கும் ராத்திரி முழுக்கக் குடித்திருக்கின்றன.

அவள் வால்வைச் சரி செய்தாள். அன்று மாலை மறுபடியும் எல்லாவற்றையும் நிறுத்தி, மறுநாள் காலை நாற்பத்தெட்டையும் மறுபடி ஏற்றி எடை போட்டாள். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஊறவைத்தாலும் ஒன்றுதான், ஊறவைக்காவிட்டாலும் ஒன்றுதான். கொட்டகை நோட்டில் நடந்ததை எல்லாம் எழுதினாள். கம்ப்யூட்டரில் இரண்டு எடையையும் பக்கத்துப் பக்கத்தில் அடித்து 'நாள் 112', 'நாள் 113' என்று மேலே போட்டாள். பிரிண்ட் எடுத்துக்கொண்டு, விஷயத்தை நேரில் சொல்ல புரொஃபஸர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ரெண்டு எடை பத்திச் சொல்லணுங்க" என்று ஆரம்பித்தாள்.

"டேட்டாவ வெச்சுட்டுப் போ" என்றார், நிமிராமல். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் வசந்தா, அடுத்த செமஸ்டர் உனக்கு ஃபண்டிங் இல்ல. மாஸ்டர்ஸ் வாங்கிண்டு கெளம்பிடு. பிஎச்டி உனக்கு ஒத்து வரும்னு எனக்குத் தோணல. உனக்கு எங்க எதப் பேசணும்னு தெரியல."

அவள் பிரிண்ட்டை மேஜையில் வைத்தாள். வெளியே வந்தாள். அந்த இரண்டு எடையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.

அங்கிருந்து வடக்கே, மரமே இல்லாத டெக்சாஸ் மேட்டுச் சமவெளியில் ஒரு சின்ன யுனிவர்சிட்டி அவளைச் சேர்த்துக்கொண்டது. 1997 இலையுதிர் காலத்தில் ஒருநாள், நூலகத்தில் புதிதாக வந்த ஆராய்ச்சி இதழைப் புரட்டியபோது அந்தக் கட்டுரை கண்ணில் பட்டது. அவள் யோசனை, அவள் மாடு, அவள் வழித்து எடுத்த மிச்சம். ஆசிரியர் என்ற இடத்தில் ஒரே பேர், வெங்கடகிருஷ்ணன். கடைசியில் நன்றி, பண்ணை ஊழியர்களுக்கு. மூன்று வருஷம் அவரிடம் உழைத்தவளின் பேரை வைக்க அவருக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. நின்றபடியே பக்கத்தைத் திருப்பி அட்டவணைக்கு வந்தாள். கடைசி எடை, நாள் 112. நாற்பது பவுண்டு வித்தியாசம்.

திட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு நாள் என்று இருந்தது. மனுஷன் நூற்றுப் பன்னிரண்டை எடுத்துப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். கொட்டகையில் ஒருநாள் நின்றவனாக இருந்தால் இது எதற்கு இரண்டு எடை என்று கேட்டிருப்பான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இதழின் ஆசிரியருக்கு நாலு வரிக் கடிதம் எழுதினால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் எழுதவில்லை. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, தன்னோடு கொண்டுவந்திருந்த கொட்டகை நோட்டுக்குள் மடித்து வைத்தாள். இப்போது சொன்னால் சின்னத் தவறு, சின்னத் திருத்தம், மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டியதில்லை. கொஞ்சம் கொழுக்கட்டும் என்று விட்டாள். மாட்டைக் கொழுக்க வைக்கிறவளுக்கு நாள் பார்த்துக் காத்திருக்கத் தெரியாதா என்ன?

கொழுத்தது. அந்த ஒரு கட்டுரையை வைத்து அவருக்கு விருது வந்தது. ஊர் ஊராகப் பேசினார். பண்ணைக்காரர்களுக்குச் செய்முறைக் கையேடு போட்டார். இரண்டாயிரத்தில் துறைத் தலைவர் பதவிக்கு அவர் பேர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதற்குள் வசந்தாமணி பிஎச்டி முடித்து அந்தச் சின்ன யுனிவர்சிட்டியிலேயே உதவிப் பேராசிரியர் ஆகியிருந்தாள். வேலைக்குச் சேர்ந்ததும் முதல் காரியமாக அதே சோதனையைத் திரும்பச் செய்தாள். அதே உமி, அதே கரைசல், நூற்றுப் பன்னிரண்டே நாள். வால்வைத் தன் கையாலேயே மூடி, தொட்டி காய்ந்ததைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். வித்தியாசம் பூஜ்யம்.

அந்த ஜூலையில் அமரில்லோவில் மாட்டுத் தீவன மாநாடு. முந்நூறு பேர், அதில் பாதி தொப்பி வைத்த பண்ணைக்காரர்கள். வெங்கடகிருஷ்ணன் அழகாகப் பேசினார். பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். வசந்தாமணி மைக்கை நோக்கி நடந்தாள். அவளுக்கு முன்னால் ஹாலரன் என்ற கிழவர் போய் நின்றார், தொப்பியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு. ரொம்ப மரியாதையாகப் பேசினார். இரண்டு குளிர்காலமாகக் கையேட்டில் உள்ளபடியே ஊறவைத்துப் போட்டேன், என் மாடு மட்டும் ஏறவில்லை, நான் எங்கே தப்புச் செய்கிறேன் என்று கேட்டார். வெங்கடகிருஷ்ணன் புன்னகைத்தார். ஊறும் நேரமோ தண்ணீரின் சூடோ தவறியிருக்கும், செய்முறையில் கவனம் வேண்டும் என்றார். கிழவர் தலையாட்டிக்கொண்டு திரும்பினார். தன் மேல்தான் பிழை என்று நம்பிவிட்ட முகம்.

வசந்தாமணி அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். மூன்று வருஷமாக அவள் கணக்கில் விழப் போவது ஒரே ஆள்தான். இந்தக் கிழவரை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் மைக் காலியாகிவிட்டது. அவள் போய் நின்றாள்.

கடைசி எடைக்கு முன்னால் தண்ணீரை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். அவருக்கு அவளை அடையாளம் தெரிந்தது. கண் ஒரு கணம் சுருங்கியது. வழக்கம்போல முந்தின நாள் மாலை என்றார். எத்தனை மணிக்கு என்றாள். ஐந்து, ஆறு இருக்கும் என்றார்.

"அப்படியானால் நூற்றுப் பன்னிரண்டாம் நாள் எடை போட்ட நாற்பத்தெட்டு மாட்டையும் நூற்றுப் பதிமூன்றாம் நாள் ஏன் மறுபடி எடை போட வேண்டி வந்தது?"

தொப்பிகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பின. ஒரு மாட்டைத் தராசுக் கூண்டில் ஏற்றுவதற்கே என்ன பாடு என்று அந்தத் தொப்பிகளுக்குத் தெரியும். காரணம் இல்லாமல் யாரும் நாற்பத்தெட்டை இரண்டு தடவை ஏற்ற மாட்டார்கள். வெங்கடகிருஷ்ணன் தண்ணீர் குடித்தார். காகிதத்தைப் புரட்டினார்.  பிறகு, அவள் மூன்று வருஷமாக எந்த வாக்கியத்துக்குக் காத்திருந்தாளோ, அதைச் சொன்னார்.

"அந்த எடைகளை எடுத்தது என் மாணவி. அதில் குறை இருந்தால் அது அவளுடைய கவனக்குறைவு."

"எந்த மாணவி?" என்றாள் வசந்தாமணி. "கட்டுரையில் உங்கள் பேர் ஒன்றுதானே இருக்கிறது?"

 அமர்வை நடத்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் குனிந்து, டாக்டர், அந்த மாணவியின் பேர் என்ன என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். வெங்கடகிருஷ்ணன் மைக்கைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னார்.

"வசந்தாமணி நஞ்சப்பன்."

முன் வரிசையில் இருந்தவர்கள் அவள் சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டையைப் படித்தார்கள்.

வராந்தாவில் காபி மேஜைக்குப் பக்கத்தில் அவர் அவளைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தி, ஒரு ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தா நானே கரெக்ட் பண்ணிருப்பேனே, இப்படிப் பப்ளிக்ல என்னை நிக்க வெக்கணுமா என்றார்.

"சொல்லத்தாங்க சார் வந்தேன். டேட்டாவ வெச்சுட்டுப் போன்னீங்க."

"அது எப்பவோ நடந்த பழசு."

"உங்களுக்குங்க" என்றாள் வசந்தாமணி. காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதோடு நிற்கவில்லை. கூட உழைத்த மாணவியின் பேரை மறைத்தவர் எடையையும் தெரிந்தே மாற்றியிருப்பாரோ என்று அவருடைய யுனிவர்சிட்டி ஒரு விசாரணைக் குழு போட்டது. தெரிந்து செய்திருந்தால் வேலையே போகும். தெரியாமல் நடந்தது என்று நிரூபிக்க உலகத்தில் இருந்தது ஒரே ஒரு கொட்டகை நோட்டு, ஒரே ஒரு சாட்சி. செப்டம்பரில் ஃபோன் வந்தது. ஒரு லெட்டர் எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்பதற்கு அவர் பத்து நிமிஷம் சுற்றி வளைத்தார். அவர் சுற்றட்டும் என்று அவளும் விட்டாள்.

"தரேனுங்க" என்றாள் கடைசியில். "நேர்ல வாங்க. காலைல ஆறு மணிக்குக் கொட்டகையில இருப்பேன். பூட்ஸ் போட்டுட்டு வாங்க."

ஏழு மணி நேரம் டிரைவ் பண்ணி முந்தின நாளே வந்து மோட்டலில் தங்கி, ஆறடிக்கச் சரியாக வந்து நின்றார். பூட்ஸ் புத்தம் புதுசு. அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

முந்தின மாலையே தண்ணீர் நிறுத்தி வைத்திருந்த எட்டு மாடுகளை அவள் தராசுக்கு ஓட்டினாள். அவர் கையில் நோட்டைக் கொடுத்து எடையை எழுதச் சொன்னாள். எழுதினார். இடுப்புக் குழியைக் காட்டி, இதப் பாத்துக்குங்க என்றாள். பார்த்தார். பிறகு வால்வைத் திறந்தாள். எட்டும் தலையைத் தொட்டிக்குள் விட்டு, பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும்படி உறிஞ்சின. முக்கால் மணி நேரம் குடிக்க விட்டாள். மறுபடி அதே எட்டை ஏற்றினாள். மறுபடி எழுதினார். சராசரி முப்பத்தெட்டு பவுண்டு கூட.

"பாத்தீங்களா சார்? உங்க பேப்பரு இதுதானுங்க. தண்ணி."

அவர் பேனாவை மூடிப் பாக்கெட்டில் வைத்தார். முடிந்தது என்று நினைத்தார் போல. வசந்தாமணி அவரை அடுத்த பட்டிக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு மாடு நின்றது. இடது விலாவுக்குப் பின்னால் கை நுழையும் அகலத்துக்கு ஓட்டை போட்டு, ரப்பர் மூடி பொருத்தியிருந்தது. வயிற்றுக்குள் தீவனம் எப்படிச் செரிக்கிறது என்று பார்க்க வளர்க்கும் மாடு. வலி இல்லாமல் வருஷக்கணக்கில் வாழும். அவள் மூடியைப் பிடுங்கினாள். புளித்த வாடையும் ஆவியும் வெளியே வந்தன.

"சாம்பிள் ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். அடியில கெடக்கறது வேணும்."

"க்ளவ்ஸ்?"

"தீந்து போச்சுங்க" என்றாள். மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது.

அவர் கைக்குட்டை பாக்கெட்டில் இருந்தது, எடுக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி, சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு கையை உள்ளே விட்டார். முழங்கை போயிற்று, தோளும் போயிற்று, கன்னம் மாட்டின் மயிரில் பட்டது. அவர் வாந்தி எடுப்பார் என்று வசந்தாமணி ஒரு வாளிகூட வைத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை. மாட்டு வயிறு அவர் கையை ஒருமுறை இறுக்கி விட்டது.

"சூடா இருக்கு" என்றார், யாரிடமோ சொல்வது போல.

இருபத்திரண்டு வருஷமாக அவர் எழுதிய வயிறு அது. வியந்து நின்ற அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வியப்பைக் கொடுக்க அவள் அவரைக் கூப்பிடவில்லை.

கை கழுவி வந்ததும் கடிதத்தை நீட்டினாள். அவர் ஈரக் கையோடு நின்றபடியே படித்தார். கசிந்த வால்வு, இரண்டு எடை, டேட்டாவை வைத்துவிட்டுப் போகச் சொன்னது, எல்லாம் தேதியோடு இருந்தது. தெரிந்து செய்ததல்ல, கொட்டகைக்கு வராததால் நேர்ந்த பிழை என்றும் இருந்தது. அந்த வரியில் அவர் மூச்சு விட்டது கேட்டது. கடைசிப் பத்தியில் புருவம் ஏறியது. 'கட்டுரை வெளிவந்த அன்றே பிழையை நான் கண்டேன். அவர் மேல் இருந்த கோபத்தால் மூன்று வருஷம் வேண்டுமென்றே சொல்லவில்லை. அதனால் ஹாலரன் போன்ற பண்ணைக்காரர்கள் இரண்டு குளிர்காலம் வீணாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.'

"இந்த லாஸ்ட் பேரா எதுக்கு?" என்றார். குரலில் பழைய புரொஃபஸர் திரும்பி வந்திருந்தார். "எனக்காகச் சொல்லலம்மா. உன் டென்யூருக்கே இது நல்லதில்ல, வேல நிரந்தரமாகாது. அத எடுத்துடு."

வசந்தாமணி கடிதத்தைத் திருப்பி வாங்கினாள். அடியில் தன் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிட்டு, விசாரணைக் குழுவின் முகவரி எழுதிய உறையில் மற்றதைப் போட்டு ஒட்டினாள்.

"எம் பேரு இருக்கற காயிதத்துல எத எடுக்கறதுன்னு இனிமே நீங்க சொல்ல வேண்டாங்க சார்" என்றாள். "பாத்துப் போங்க. கேட்டச் சாத்திட்டுப் போங்க, மாடு வெளிய வந்துரும்."